கூட்டத்துக்கு முன் ஆளுக்கொரு தாள்

குழுவாக உட்கார்ந்து மனதில் பட்டதையெல்லாம் சொல்லும் ‘பிரெய்ன்ஸ்டார்மிங்’ முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையின் அலெக்ஸ் ஆஸ்போர்ன். 1958-ல் வெளியான யேல் பல்கலைக்கழகச் சோதனையின் முடிவு அதற்கு எதிராக இருந்தது. நால்வர் சேர்ந்து சொன்னதைவிட, தனித்தனியே யோசித்த நால்வருடையதைத் தொகுத்தபோது யோசனைகள் அதிகம். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் தோன்றியது மறந்துபோகும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு லேத் பட்டறைகளில் இன்னொரு தடையும் உண்டு. முதலாளி முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. பிசிறு ஏன் விழுகிறது என்பது மெஷினில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவரோ கடைசியில் நிற்பார்.

இதற்கு ஏற்றது, ஜெர்மனியின் பெர்ண்ட் ரோர்பாக் 1968-ல் வெளியிட்ட 6-3-5 முறை. 6 பேர் ஆளுக்கொரு தாளில் 5 நிமிடத்தில் 3 யோசனை எழுதி அடுத்தவரிடம் தர வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டுக் கீழே தன் மூன்றை எழுதுவார். ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில், 108 வரை சேரும். (பாதி ஒன்றுபோல இருந்தாலும் குறையில்லை.) பெயர் எழுத வேண்டாம். தமிழ் எழுதத் தெரியாத வடமாநிலத் தொழிலாளர் படம் வரைந்தும் தரலாம். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும்: ‘உற்பத்தியைக் கூட்டுவது எப்படி’ என்பதைவிட, ‘இந்த ஜாப்பை லேத்தில் மாட்டும் நேரத்தைக் குறைப்பது எப்படி’ என்பது பயன் தரும். பேச்சு அதன்பிறகுதான், முதலாளியின் முறை கடைசியில்.