தோலின் மேல் குடியிருப்போர்

கோடை வந்தால் நம் தேஹு ரோடு வீடுகளில் பிள்ளைகளுக்கு வேர்க்குருவும் வேனல் கட்டியும் வந்துவிடுகின்றன. மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பைத் தடவுகிறோம். அது எதைக் கொல்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று பாடம் படிக்க வரும் பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு.

நம் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் பாக்டீரியா பெரும்பாலும் தீங்கின்றிக் குடியிருக்கிறது. அதன் பங்காளியான ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான் கட்டியை உண்டாக்குவது. கிருமிக்கொல்லிக் களிம்புகளில் பல இரு பங்காளிகளையும் சேர்த்தே ஒழிக்கும்.

இவற்றின் நடத்தையைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து அறிவது கடினம். தட்டில் ஈரமும் உணவும் ஏராளம். தோலோ வறண்டது, புளிப்புத் தன்மை உடையது. எலியின் தோலும் நம் தோல் போன்றதன்று. ஆகவே மனிதத் தோலையே ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள். 1975இல் அமெரிக்காவில் ரைன்வால்ட், கிரீன் என்னும் இருவர் மனிதத் தோலின் மேலணுக்களைத் தொடர்ந்து பெருக்கும் வழியைக் கண்டனர்.

அறுவை சிகிச்சையில் கழிக்கப்படும் தோலிலிருந்து, உரியவர் சம்மதத்துடன், அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். கொலாஜன் கூழில் அடித்தோல் அணுக்களைக் கலந்து மெத்தைபோல் அமைத்து, அதன்மேல் மேலணுக்களை விதைப்பார்கள். சில நாள் சத்து நீரில் மூழ்கியிருந்தபின், மேற்பரப்பு காற்றில் படும்படி உயர்த்திவிட்டு, கீழிருந்து மட்டும் சத்து ஊட்டுவார்கள். சூட்சுமம் இங்கேதான். காற்றுப் பட்டதும் அணுக்கள் அடுக்கடுக்காக மேலேறித் தட்டையாகி மடிந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கெட்டியான மேலடுக்கு உண்டாகிறது. பால் ஆறினால் ஆடை படிவதுபோல என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஆடைக்கு உயிர் இருந்ததில்லையே!

வளர்க்கும்போது சத்து நீரில் கிருமிக்கொல்லி சேர்ப்பது வழக்கம். பாக்டீரியாவை மேலே இடுவதற்குச் சில நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். பிறகு, எந்தப் பங்காளி எவ்வளவு பெருகுகிறது, கீறிய தோலில் எது உள்ளே நுழைகிறது, அணுக்கள் எதைச் சுரந்து எதிர்க்கின்றன என்றெல்லாம் பார்க்கலாம்.

குறையும் உண்டு. இத்தகைய மாதிரித் தோலில் பொதுவாக வியர்வைச் சுரப்பியும் முடிவேரும் இரத்தக் குழாயும் இல்லை. ஆகவே நம் வேர்க்குருவை அதில் வரவழைக்க முடியாது! அதற்கு மனிதரிடமே போகவேண்டும். நம் புனேயின் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தினர் அப்படித்தான் போனார்கள். ஆறு கூட்டுக் குடும்பங்களில் தாத்தா முதல் பேரன் வரை 54 பேரின் குடல், வாய், தோல் நுண்ணுயிர்களை ஒப்பிட்டு 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், மூன்று தலைமுறையினரின் தோலிலும் சில நுண்ணுயிர்களின் அளவு வேறுபட்டிருந்தது.