கத்திரி வெயில்: எல்லா அரிப்புக்கும் ஒரே களிம்பு வேண்டாம்

மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரம் மாதக் கடைசி வரை நீடிக்கும். விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வெளியே வெயில், உள்ளே சூளை. சுற்றுக் கிராமங்களிலோ முந்திரிக்கொட்டை பொறுக்கி உடைக்கும் காலம். வேர்க்குரு, படர்தாமரை, கை வெடிப்பு, முந்திரிப் புண் நான்கும் ஒரே சமயத்தில் வரும் நாட்கள் இவை. நான்கும் அரிக்கும், நான்குக்கும் மருந்து வேறு.

வேர்க்குரு

வியர்வைத் துளை அடைபடுவதால் வருவது. இறுக்கமான நைலான் துணியை விட்டுத் தளர்வான பருத்திக்கு மாறுங்கள். காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். பவுடரை அப்பாதீர்கள், வியர்வையோடு குழைந்து துளையை இன்னும் அடைக்கும். அரிப்புக்குக் கலமைன் லோஷன் போதும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

பட்டறைக் கை

களிமண்ணும் பிளாஸ்டர் ஆப் பாரிஸும் தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். வார்ப்புக் கலவையில் சேர்க்கும் சோடியம் சிலிகேட் காரத்தன்மை உள்ளது, தோலை அரிக்கும். கிளேஸில் நீலத்துக்கும் பச்சைக்கும் சேர்க்கும் கோபால்ட், குரோமியம் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய், சோடாத் தூள் போட்டுக் கை தேய்க்காதீர்கள். மிதமான சோப்பில் கழுவி, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். கிளேஸ் கலக்கும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. சுழலும் இயந்திரத்தருகே மட்டும் கையுறை கூடாது, இழுத்துக்கொள்ளும்.

விடுமுறையில் ஆறி, வேலைக்குத் திரும்பினதும் கிளம்பும் புண் தொழிலால் வந்ததாக இருக்கலாம். தோல் டாக்டர் முதுகில் பட்டை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று கண்டுபிடிப்பார். இரசாயனத்தால் வரும் இத்தகைய தோல் அழற்சி, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் சட்டப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே என்ன வேலை, எதைத் தொடுகிறீர்கள் என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

முந்திரிப் புண்

கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கின்றன. பட்ட இடம் கறுத்து, கொப்புளித்து, உரியும். உடைக்கும்போது கையுறை போடுங்கள்; அந்தக் கையால் முகத்தையும் கண்ணையும் தொடாதீர்கள். பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படர்தாமரை

இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டமாகப் பரவும் பூஞ்சை இது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பல கலவைக் களிம்புகளில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவினதும் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ அடியில் பெருகும். தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும், மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சையாகவும் மாறிவிடும். இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் 2018இல் மத்திய அரசு சேர்த்தது.

தோல் டாக்டர் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்வார். இட்ராகோனசோல், டெர்பினாஃபின் மாத்திரைகளைப் பல வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். அரிப்பு நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். துண்டு, லுங்கி, உள்ளாடையைத் தனியாகத் துவைத்து இந்த வெயிலிலேயே காயப்போடுங்கள். வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்த்தே காட்டுங்கள்.

இரவில் அதிகமாக அரித்து, விரலிடுக்கில் பொரியிருந்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை டாக்டர் சொல்கிறபடி வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும்.

முகத்தில் மங்கு

வெயிலோடு சூளைச் சூடும் இதைக் கூட்டும். தொப்பி, முந்தானை, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பயன்படுத்துங்கள். வெளுக்கவைக்கும் கிரீம் சிலவற்றில் பாதரசம் இருக்கும், தொடாதீர்கள். அசெலாயிக் அமிலக் களிம்பு முதல் கெமிக்கல் பீல் வரை டாக்டரிடம் வழி உண்டு. பீலும் லேசரும் கத்திரி கழிந்த பிறகு செய்துகொள்வது நல்லது.

எப்போது, எங்கே

வெளிறிய தேமலில் தொட்டால் உணர்ச்சியில்லை என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். மற்றவற்றுக்கு முதலில் விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பட்டைச் சோதனை போன்றவை தேவைப்பட்டால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ சீட்டு எழுதித் தரக் கேளுங்கள். போகும்போது இதுவரை தடவிய எல்லாக் களிம்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சீட்டில்லாமல் வாங்கிய டியூப் வீட்டில் இருந்தால், இன்றிரவு அதைத் தடவாதீர்கள்.