நான்கு நிமிட மைல்: கதையும் சரித்திரமும்

நம்பிக்கை: ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓட மனித தேகத்தால் ஆகாதென்று உலகமே நம்பியிருந்தது, ரோஜர் பானிஸ்டர் ஒருவர் நம்ப மறுத்தார், ஆகவே ஓடி முடித்தார்.

உண்மை: தன்னம்பிக்கையைப் பற்றிய பிரசங்கங்களில் இக்கதை ஏறக்குறைய ஒரு புராணத்தின் அந்தஸ்தை அடைந்துவிட்டது, புராணங்களுக்கு நேர்வதே இதற்கும் நேர்ந்து, நாயகரின் மகிமை வளர வளர, அவர் செய்த காரியம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. 1923-இல் பின்லாந்தின் பாவோ நூர்மி 4 நிமிடம் 10.4 விநாடியில் மைலை ஓடினார். 1945-இல் ஸ்வீடனின் குண்டர் ஹேக் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒன்பது விநாடிகள், ஒருவர் பின் ஒருவராகச் சிறுகச் சிறுகக் குறைத்து வந்திருக்க, எஞ்சிய ஒன்றரை விநாடி மாத்திரம் மானிட சக்திக்கு அப்பாற்பட்டதென்று கருத நியாயம் ஏது? அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அந்தச் சாதனை அசையாதிருந்ததற்கு மனத்தின் அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும், அதற்கு முன் இரண்டாம் உலக யுத்தம் ஐரோப்பிய வாலிபர்களை ஓட்டக்களத்திலிருந்து போர்க்களத்துக்கு இழுத்துச் சென்றதும், யுத்தத்தில் சேராத ஸ்வீடனில் ஓடிக்கொண்டிருந்த ஹேக், ஓடுவதற்குப் பணம் பெற்றார் என்ற குற்றத்துக்காகப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டதும் கதை சொல்பவர்களின் ஞாபகத்துக்கு வருவதில்லை.

பானிஸ்டர் லண்டனில் வைத்தியம் பயின்ற மாணவர். 1952-ஆம் வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்து, பதக்கமின்றித் திரும்பியவர். தேகப் பயிற்சியின்போது சுவாசம் எவ்வாறு நடைபெறுகிறதென்பதை ஆராய்ந்தவர். கால் மைல் ஓடுவது, இரண்டு நிமிடம் இளைப்பாறுவது, மறுபடி ஓடுவது என்று பத்து முறை செய்வது அவருடைய பயிற்சி. கால் மைலுக்கு 66 விநாடியில் தொடங்கி, மாதக்கணக்கில் உழைத்து 61 விநாடிக்கு வந்தபின், எத்தனை முயன்றும் அதற்குக் கீழே இறங்க முடியவில்லை. அப்போது அவர் ‘என்னால் முடியும்’ என்று ஆயிரத்தெட்டு முறை ஜபித்துக்கொண்டிருக்காமல், நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் போய் மலையேறினார். திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடி! இச்சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான இடம் இதுதான். எந்த மேடையிலும் இதைச் சொல்லக் கேட்டதில்லை.

1954 மே 6-ஆம் தேதி மாலை, ஆக்ஸ்போர்டு மைதானத்தில் காற்று பலமாக வீசியதைக் கண்டு, ஓடுவதா வேண்டாமா என்று கடைசி வரையில் தயங்கியவரும் அதே பானிஸ்டர்தான். முதலில் பிராஷரும், பிறகு கிறிஸ் சாட்டவேயும் முன்னே ஓடி வேகத்தைக் காத்துக் கொடுக்க, கடைசிச் சுற்றில் சாட்டவேயையும் கடந்து, 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார்.

நம்பிக்கை: ஒருவர் வழி காட்டியதும் மற்றவர்களின் மனத்தடையும் நீங்கி, அவ்வாண்டிலேயே பலர் கூட்டங்கூட்டமாக அதைச் சாதித்தார்கள்.

உண்மை: அவ்வாண்டில் சாதித்த மற்றவர் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி ஒருவரே. அவரும் முன்பே பலமுறை 4 நிமிடம் 2 விநாடி வரையில் வந்து நின்றவர். அடுத்த மூவர் 1955 மே 28-ஆம் தேதி லண்டனில் ஒரே போட்டியில் ஓடினார்கள். ஆக, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நால்வர்.

இதைத் திரித்துச் சொல்வதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வாசகர்கள் கேட்கலாம். நம்பியவன் வென்றான் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், தோற்றவன் நம்பாதவனாகிவிடுகிறான். பயிற்சியும் ஓய்வும் உடன் ஓடுவாரின் துணையும் வாய்க்காதவன் தலையில், போதிய நம்பிக்கை இல்லாதவன் என்ற பழியையும் சுமத்துகிறோம். ஓட்டத்துக்கு மட்டுமன்று, படிப்புக்கும் இது பொருந்தும். ‘கணக்கு எனக்கு வராது’, ‘இந்த வயதில் இனி என்ன படிப்பு’ என்று சொல்லிப் பழகியவர்கள், எந்தக் கணக்கில் எந்த இடம் புரியவில்லை, எவ்வளவு காலம் முயன்றோம், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க யாராவது இருந்தார்களா என்று ஒரு முறை நிதானமாக விசாரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம்பிக்கை: லட்சியமென்றால் ஒன்றே; அதற்கே ஆயுள் முழுவதையும் அர்ப்பணிக்க வேண்டும்.

உண்மை: உலகப் புகழ் பெற்ற அந்த ஆண்டின் இறுதியிலேயே, இருபத்தைந்தாவது வயதில், பானிஸ்டர் போட்டி ஓட்டத்தை விட்டுவிட்டார். நரம்பியல் வைத்தியராகி, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தாமே இயங்கும் நரம்புகளின் கோளாறுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இரண்டில் எதைப் பெரிதாகக் கருதுகிறீர்கள் என்று முதுமையில் கேட்டவர்களிடம், வைத்திய ஆராய்ச்சியையே சொன்னார்.