வண்டிக்குள் எல்லாம் இருக்கிறது, கரண்டைத் தவிர

மே பிறந்தால் போதும், சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் ஞாபகம் வந்துவிடும். இங்கே வெயில் 100 டிகிரியைத் தொட்டு விளையாடும். ஐ-17-இல் இரண்டரை மணி நேரம் வடக்கே ஏறினால் பைன் காடு, சில்லென்ற காற்று. லாங் வீக்கெண்டில் ஹோட்டல் வாடகையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் 'கேம்பிங் போயிடலாமே' என்பார். எங்கள் குடும்பத்தில் அந்த யாராவது என் சகலை.

மெமோரியல் டே விடுமுறைக்கு இரண்டு குடும்பமும், மதுரையிலிருந்து வந்திருந்த மாமியாரும் போவதென்று முடிவாயிற்று. ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுப்பது, பின்னாலேயே சகலையின் ஹைலாண்டரும் வருவது, பிள்ளைகள் ஆசைக்கு ஒரு டென்ட். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கூட்டம்தான் இருக்கும் என்பதால் எங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஃபிளாக்ஸ்டாஃபைச் சுற்றித் தங்குமிடம் என்றால் முக்கியமாக மூன்று விதம். ஊரைச் சூழ்ந்திருக்கும் கொகோனினோ நேஷனல் ஃபாரஸ்டில் ஃபாரஸ்ட் சர்வீஸ் நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள்: லேக் மேரி ரோட்டில் பைன் குரோவ், லேக்வியூ, வடக்கே சன்செட் கிரேட்டர் வாசலில் போனிட்டோ. அடுத்தது ஊருக்குள்ளேயும் ஊர் ஓரத்திலும் தனியார் நடத்தும் ஆர்.வி. பார்க்குகள். மூன்றாவது, கேம்ப்கிரவுண்ட் என்று எதுவும் இல்லாமல் காட்டுக்குள் இலவசமாகத் தங்குவது. இவை போக ஐ-17 ஓரத்தில் கவுண்டிக்குச் சொந்தமான ஃபோர்ட் டட்ஹில் இருக்கிறது. அழகு என்று பார்த்தால் முதல் வகையை அடிக்க ஆளில்லை. ஆனால் போனிட்டோ போன்ற ஃபாரஸ்ட் சர்வீஸ் இடங்களில் ஹூக்கப் கிடையாது. வண்டிக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பம், தண்ணீர்க் குழாய் இணைப்பு, கழிவுக் குழாய், எதுவும் இல்லை. மேஜை, அடுப்பு வளையம், கொஞ்ச தூரத்தில் கழிப்பறை, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில்தான் எங்கள் பயணம் சீரழிந்தது.

நான் பார்த்து வைத்திருந்தது நகரத்தின் கிழக்கே, ஹைவே 89 பக்கம் ஒரு தனியார் பார்க். ஃபுல் ஹூக்கப், குளிக்க வெந்நீர், பக்கத்தில் கடை. சகலையிடம் படத்தைக் காட்டினேன். "பார்க்கிங் லாட்ல போய்த் தங்கறதுக்கு நம்ம டிரைவ்வேலயே வண்டியை நிறுத்திட்டுப் படுக்கலாமே சகலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், அதையும் குறித்துவைக்கிறேன். "கரண்ட் வேண்டாமா?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்றுவரை எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஓடுகிறது: "வண்டிக்குள்ளதான் எல்லாம் இருக்கே, அப்புறம் எதுக்குக் கரண்ட்?" லேக் மேரி ரோட்டில் ஒரு காட்டு கேம்ப்கிரவுண்டை அவரே புக் செய்தார்.

ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரம். ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய 6,900 அடி. மே மாதத்தில் இங்கே நாம் ஏசி போட்டுப் படுத்திருக்கும் இரவில் அங்கே தண்ணீர் உறையும் நிலைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். ஏரிக்கரைப் பள்ளங்களில் அதற்குக் கீழேயும் இறங்கும். ஆர்.வி.யில் ஹீட்டர் உண்டு, அது எல்பிஜியில் எரியும், சிலிண்டர் நிறைய இருந்தது, எல்லாம் சரி. ஆனால் அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளுகிற விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. விசிறி போதிய வேகத்தில் சுற்றவில்லை என்றால் ஹீட்டர் பற்றவே பற்றாது, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பழைய ரக லெட் ஆசிட் பேட்டரிதான் இருக்கும். 100 ஆம்பியர் ஹவர் என்று போட்டிருந்தால் பாதியைத்தான் நம்பலாம். விசிறி 8 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் பம்ப், விளக்கு, ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, பிள்ளைகளின் டேப்லெட் எல்லாமே அதே பேட்டரியில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், விடியும்வரை தாங்காது. (தெர்மோஸ்டாட்டை 74-இல் வைத்தது நான்தான் என்று சகலை இப்போதும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியாருக்குக் குளிரக் கூடாதே என்றுதான் வைத்தேன். கரண்ட் உள்ள இடமாக இருந்திருந்தால் 80-இல் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.)

விடியற்காலை மூன்று மணி இருக்கும். 'பீப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு 'பீப்'. சிங்க் அடியில், தரையோரமாக ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும் என்பதால் அந்தக் கருவியைத் தரையோரம் வைப்பார்கள். சகலை அதைப் பார்த்ததும் கேஸ் கசிகிறது என்று முடிவு கட்டி, வண்டியின் அத்தனை ஜன்னலையும் திறந்து, கதவையும் விரியத் திறந்துவிட்டார். ஏற்கெனவே ஹீட்டர் நின்றுபோயிருந்தது. மிச்சம் இருந்த சூடும் ஒரு நிமிடத்தில் வெளியே போய்விட்டது. மாமியார் குரங்குக் குல்லாவோடு எழுந்து உட்கார்ந்து, "என்ன மாப்பிள்ளை, ஊர் வந்திருச்சா?" என்றார்.

கசிவு இல்லை. பேட்டரி செத்துக்கொண்டிருந்தது, அதைத்தான் கருவி சொல்லியிருக்கிறது. (சந்தேகம் இருந்தால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு சிலிண்டர் வால்வை மூடுவதுதான் முறை, அதில் சகலையைக் குறை சொல்ல மாட்டேன்.) ஜெனரேட்டரைப் போடலாம் என்றார். பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்கிறதே தவிர சுற்றவில்லை. அந்த ஜெனரேட்டர் கிளம்புவதற்கும் அதே பேட்டரிதான் வேண்டும். வாடகைக் கம்பெனிக்காரர் வண்டியைக் கையில் கொடுக்கும்போது டாய்லெட் குழாயைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியே கிளம்பியிருந்தாலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது என்பது அங்கே விதி. பெட்ரோல் டேங்க் கால் பங்குக்குக் கீழே போனாலும் பெரும்பாலான வண்டிகளில் ஜெனரேட்டர் ஓடாது, நடுக்காட்டில் பெட்ரோல் தீர்ந்து நாம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். நாங்கள் மேட்டில் ஏறி வந்ததில் முள் அதற்கும் கீழே கிடந்தது. கடைசியில் மாமியாரையும் சின்னப் பிள்ளைகளையும் ஹைலாண்டரில் உட்காரவைத்து ஹீட்டர் போட்டு விடிய வைத்தோம். விடிந்ததும் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாமியார் சொன்னார், "சின்ன மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம்." சொன்னதை நான் மறக்கவில்லை. சகலை மறந்துவிட்டாராம்.

ஆகவே ஆர்.வி. எடுப்பவர்கள், அதுவும் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், கரண்ட் உள்ள இடமாகப் பாருங்கள். 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்று கம்பெனியிடம் கேட்டு, பார்க்கில் அதே பிளக் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வண்டியின் நீளத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புக் செய்யும் பக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் நீள வரம்பு போட்டிருக்கும். 22 அடி இடத்தில் 28 அடி வண்டி நுழைந்தாலும் மூக்கு ரோட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் நேரே உள்ளே போய் நேரே வெளியே வரும் 'புல் த்ரூ' இடம் எடுங்கள், சகலை ரிவர்ஸ் எடுத்த கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது. கரண்ட் இல்லாத காட்டில்தான் தங்குவேன் என்று அடம் பிடித்தால், மாலையில் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பேட்டரியை நிரப்புங்கள், ஹீட்டரை 60-க்கு இறக்குங்கள், ஆளுக்கு இரண்டு கம்பளி எடுங்கள், மேலே ஏறியதும் டேங்கை நிரப்புங்கள்.

மறுநாள், மிச்ச இரவுகளுக்குக் கட்டிய பணத்தை விட்டுவிட்டு நான் சொன்ன பார்க்குக்கே போனோம். மரம் குறைவுதான், பக்கத்து வண்டிக்காரரின் டிவியும் கேட்டது, வாடகையும் காட்டைவிடக் கூடுதல். சரக்கு ரயில் வேறு. ஃபிளாக்ஸ்டாஃப் நடுவே போவது சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைக்கும் முக்கியப் பாதை, இரவு பகல் பாராமல் ரயில் போய்க்கொண்டே இருக்கும். காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள். ரயிலால் தூங்கவில்லை என்று சகலை குறைப்பட்டுக்கொண்டார். மாமியார் எட்டு மணி வரை எழுந்திருக்கவில்லை.

டென்ட் மட்டும் போடுகிறவர்களுக்குக் காட்டு கேம்ப்கிரவுண்டே போதும். போனிட்டோ பக்கம் போனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சன்செட் கிரேட்டர் ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன் வெடித்த எரிமலை. அங்கே தரை மண் இல்லை, கருப்புச் சரளை. டென்டோடு வரும் மெல்லிய கம்பி ஆணி அதில் நிற்காது, ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொள்ளும். அங்கே வசந்த காலத்தில் காற்றுக்குக் குறைவே இல்லை. நீளமான ஆணிகளும், கயிற்றைக் கட்டிக் கல்லடியில் புதைக்க நாலு துணிப்பைகளும் எடுத்துப்போங்கள். தூங்கும் பையில் 30 டிகிரி என்று போட்டிருந்தால் 40 வரை நம்பலாம், அதற்குக் கீழே நம்ப வேண்டாம்.

சமையலுக்குக் குக்கர் கட்டாயம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பானையில் வைத்தால் அரிசி கொதித்துக்கொண்டே இருக்கும், வேகாது. துவரம்பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் ஊர் மூன்று லிட்டர் குக்கர், ஒரு விசில் கூடுதல், முடிந்தது. பக்கத்து டென்டில் இருந்த அமெரிக்கக் குடும்பம் விசில் சத்தத்துக்கு எழுந்து வந்து பார்த்தது தனிக் கதை.

இலவசமாகக் காட்டில் தங்குவதுதான் சகலையின் முதல் திட்டமாக இருந்தது. 'நேஷனல் ஃபாரஸ்ட்தானே, எங்க வேணா நிறுத்தலாம்' என்றார். நிறுத்த முடியாது. எந்த ரோட்டில் வண்டியை இறக்கித் தங்கலாம் என்று ஃபாரஸ்ட் சர்வீஸ் வண்டிப் பாதை வரைபடம் போட்டிருக்கிறது. ஊரை ஒட்டிய பகுதிகளில் தடை உண்டு, நகர எல்லைக்குள் கேம்பிங்கே கூடாது. ஸ்னோபோல் ரோட்டிலிருந்து பிரியும் ஃபிரைட்லைன் பிரெய்ரி ரோடு போன்ற இடங்களில் குறித்து வைத்த இடங்களில் மட்டும்தான் தங்கலாம். 30 நாளில் 14 நாளுக்கு மேல் கூடாது. தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. மழை பெய்தால் அந்த மண்ரோடு குழம்பாகிவிடும். எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது என்றே எழுதியிருந்தது. உங்களுடையதிலும் இருக்கும், படித்துப் பாருங்கள்.

தீ விஷயத்தில் விளையாடாதீர்கள். மழை ஜூலையில்தான் பிடிக்கும், மேயும் ஜூனும் காய்ந்த காடு. 2022-இல் ஏப்ரலில் டனல் ஃபயர், ஜூனில் பைப்லைன் ஃபயர் என்று இரண்டும் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே எரிந்தன. இரண்டாவது மட்டும் 26,000 ஏக்கருக்கு மேல். தீத் தடை முதல் கட்டத்தில் இருந்தால் கேம்ப்கிரவுண்டின் இரும்பு வளையத்தில் மட்டும் விறகு எரிக்கலாம், இரண்டாம் கட்டம் வந்தால் அங்கேயும் கூடாது. திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பு ஒன்றுதான் அப்போது கை கொடுக்கும். விறகடுப்பில் பார்பிக்யூ என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

புக்கிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் அதுவே வழி சொல்லும். முன்பதிவுள்ள இடங்கள் பெரும்பாலும் ஆறு மாதம் முன்னதாகத் திறக்கின்றன, கிழக்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு. இதில்தான் அரிசோனாக்காரர்கள் ஏமாறுகிறோம். நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அந்தப் பத்து மணி நமக்கு எட்டு மணி. அவர்கள் மார்ச்சில் கடிகாரத்தைத் தள்ளியதும் நமக்கு ஏழு மணி. மெமோரியல் டேக்கு நவம்பரில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சரி. அக்டோபரில் போக வேண்டுமானால் ஏப்ரலில் ஏழு மணிக்கு உட்கார வேண்டும்.

சகலை இந்த அக்டோபருக்கு கிராண்ட் கேன்யனில் இடம் பார்த்தார். அங்கே டிரெய்லர் வில்லேஜில் ஃபுல் ஹூக்கப் உண்டு, மாதர் கேம்ப்கிரவுண்டில் கிடையாது. அவர் தேடியது மாதரில்தான். போன தடவை மாதிரியே எட்டு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதற்குள் நல்ல இடமெல்லாம் போயாயிற்று. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.