குலுக்கினேன் என்று எழுதாதே

அன்புள்ள தம்பிக்கு,

தனியாக நீ எடுத்த முதல் ரத்தத்தைப் பற்றிய அறிக்கையை, அந்த மனிதரின் பெயரை மறைத்து அனுப்பியிருந்தாய். பீனிக்ஸ் வெயில் தணிந்தபின் வாசலில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். நரம்பு, ஊசியின் சாய்வு எல்லாம் வகுப்பிலேயே பேசியாயிற்று.

"தோலைச் சுத்தம் செய்தேன்" என்கிறாய். எதைக் கொண்டு? அந்த ஒரு சொல் இல்லாதது எனக்குக் கோபமே வரவழைத்தது. குடித்திருந்தாரா என்று பார்க்க எடுக்கிற ரத்தம் இது. துடைத்தது ஸ்பிரிட் பஞ்சா, பொவிடோன் அயோடினா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பதற்கு முன்பே காகிதம் சொல்லியிருக்க வேண்டாமா? ஆஸ்பத்திரியில் பழகிய கை என்னுடையது. போலீஸாருக்கு வகுப்பெடுக்க வந்த முதல் வாரத்தில் பழக்கத்தில் ஸ்பிரிட் பஞ்சைப் பிரித்துவிட்டேன். எதிரே இருந்த ஒருவர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக் குப்பையில் போட்டார். அன்று முதல் உறைமேல் அச்சிட்டிருப்பதை வாய்விட்டுப் படிக்காமல் எதையும் நான் பிரித்ததில்லை. நீயும் படி, படித்ததை அப்படியே எழுது.

அடுத்து, "குழாயை நன்றாகக் குலுக்கினேன்". சாம்பல் மூடிக் குழாய்க்குள் இருக்கும் வெள்ளைப் பொடியில் சோடியம் ஃபுளோரைடு ரத்தம் கெடாமல் காக்கிறது, பொட்டாசியம் ஆக்சலேட் உறையாமல் காக்கிறது. அவை கலக்க, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், எட்டுப் பத்து முறை. குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். வகுப்பில் நீ அழகாகக் கவிழ்த்தாய், அன்றைக்கும் அப்படித்தான் செய்திருப்பாய். செய்யாத ஒன்றை ஏன் எழுதினாய்?

இவ்வளவு கண்டிப்பு எதற்கென்றால், 1966-இல் ஷ்மெர்பர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது, ஆஸ்பத்திரியில் டாக்டர் எடுத்த ரத்தத்தை. மருத்துவத் துறை சாராதவர் போலீஸ் நிலையத்துக்குள் எடுத்தால் அது வேறு கேள்வி என்று அப்போதே சொல்லி வைத்தது. 1990-களின் நடுவில் அரிசோனா மாநிலம் போலீஸாருக்கே ரத்தம் எடுக்கும் பயிற்சியைக் கொடுக்க ஆரம்பித்தது. காரணம், ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்கும் நேரத்தில் ரத்தத்தில் சாராயம் இறங்கிக்கொண்டே போகும். அது இறங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டை விட்டுவிட முடியாது என்று 2013-இல் மெக்நீலி தீர்ப்பு வந்தது. இன்று வாரண்ட் வந்ததும், பிடித்தவரே ஊசியையும் எடுக்க முடிகிறது. ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன்: துப்பாக்கி தொங்கும் இடுப்பு அந்த மனிதர் பக்கம் இருக்கக் கூடாது. நாற்காலியைத் திருப்பிப் போட அரை நிமிஷம் ஆகாது. முதல் வருஷங்களில் என்னிடம் படித்த ஒருவர், உலக்கை போன்ற விரல்கள் அவருக்கு, பெல்ட்டையே கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். கண்ணை மூடி நரம்பைத் தடவச் சொன்னேன். மூன்றாம் நாள் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்தார். அந்த விரல்கள் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

உன் அறிக்கையின் நான்காவது வரியைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. ரப்பர் பட்டை கட்டியும் நரம்பு எழும்பவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் அவிழ்த்துவிட்டாய். கையைத் தொங்கவிடச் சொல்லி, அந்த மனிதரின் நடுக்கம் அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். மறுபடி கட்டி, விரலால் தேடி, ஒரே குத்தில் எடுத்தாய். தம்பி, இத்தனை வருஷத்தில் என் மாணவர் எவரும் இப்படி ஒரு வரி எழுதி நான் படித்ததில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

எந்தக் கை என்று மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். இடதா, வலதா? ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் போன் செய்து சொல்.

அன்புடன்,
அக்கா