கால் நரம்போடு நிற்காத சர்க்கரை

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61, 14 வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் எரிச்சல் உண்டு. இப்போது சும்மா படுத்திருக்கும்போதே நாடி 104 காட்டுகிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. நரம்புக் கோளாறு இதயத்தையும் பாதித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அம்மாவோ ஆற்றுகால் பகவதி கோயில் பொங்காலை போட்டே தீருவேன் என்கிறார்.
– எஸ்.எல்., கரமனை, திருவனந்தபுரம்

பதில்: பயப்படாதீர்கள். இன்றோ நாளையோ இதயம் நின்றுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. இதோடு பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு.

இதயம் தானாகவே துடிக்கும். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பவை தன்னியக்க நரம்புகள் (நம்மைக் கேட்காமல் உள்ளுறுப்புகளை நடத்துபவை). நாள்பட்ட சர்க்கரை நீளமான நரம்புகளைத்தான் முதலில் கெடுக்கும்; பாத எரிச்சல் அதனால்தான். மூளையின் அடியிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பும் நீளமானதே. இதயத்துக்குக் கடிவாளம் அது. தளர்ந்தால், படுத்திருந்தாலும் நாடி ஓடும். எழும்போது கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிடிக்கும் நரம்புகளும் மந்தமானால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும்.

என் கவலை வேறு. இதயத்தின் வலியைச் சொல்லும் நரம்புகளும் மரத்துப்போகலாம். அப்போது நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, காரணமில்லாத களைப்பு, வாந்தி வந்தால் ‘கேஸ்’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார்த்தி வைக்காதீர்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர். இல்லையென்றால் நடுராத்திரியானாலும் ஈ.சி.ஜி.க்குக் கிளம்புங்கள்.

ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். பாத எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரையே இப்படிப் பிரஷரை இறக்கலாம், நாடியையும் கூட்டலாம். அம்மா அதைச் சாப்பிடுகிறாரென்றால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. ஈ.சி.ஜி. ஓடும்போது நிமிடத்துக்கு 6 தடவை ஆழமாக மூச்சுவிடச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. மூச்சோடு நாடி 10 துடிப்புகூட ஏறி இறங்காவிட்டால் நரம்பு பாதிப்பு என்று கொள்ளலாம்.

சர்க்கரையை ஒரேயடியாக இறக்க அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் நடந்த ‘அக்கார்ட்’ ஆய்வில், தீவிரமாகக் குறைத்த பிரிவில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தச் சிகிச்சையை இடையில் நிறுத்தினார்கள்.

பொங்காலைக்குப் போகட்டும்; விரதம் மட்டும் வேண்டாம், பகவதி கோபிக்கமாட்டாள். சர்க்கரை இறங்கினால் வரும் நடுக்கமும் படபடப்பும் அம்மாவுக்குத் தெரியாமலே போகலாம். அன்றைய மாத்திரை அளவை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கும்ப மாத வெயிலில் அடுப்பருகே குந்தாமல் முக்காலியில் உட்காரட்டும். எழும்போது கைபிடிக்க நீங்கள் பக்கத்திலிருங்கள். பையில் தண்ணீரும் குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும்.