பச்சை உடம்புக்குப் பத்தியம்... மனசுக்கு?

பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், வெந்நீர்க் குளியல் என்று பிள்ளை பெற்றவளின் உடம்பைப் பார்த்துப் பார்த்துக் கவனிக்கிறோம். அவள் மனசை யாரும் விசாரிப்பதில்லை. கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவமானவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்னை வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. முன்பு மனச்சோர்வு வந்திருந்தால், முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

2. பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். காலண்டரில் 14-ம் நாளை வட்டமிட்டு வையுங்கள். அதன் பிறகும் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமை இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

3. இரவில் தாய் நாலு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்க வேண்டும். பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூளி ஆட்டுவதெல்லாம் அப்பாவின் பொறுப்பு.

4. பார்க்க வருகிறவர்கள் "பால் பத்தலையா? புள்ள ஏன் இளைச்சிருக்கு?" என்று கேட்காதீர்கள். "புள்ளைய நான் வெச்சுக்கறேன், நீ நிதானமா குளிச்சிட்டு வாம்மா" என்று சொல்லிப் பாருங்கள்.

5. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சோர்வை அதிகமாக்கும். டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

6. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 'எடின்பரோ' கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், தமிழிலும் உண்டு. டாக்டர் கொடுத்தால், பக்கத்தில் மாமியாரோ கணவரோ இல்லாமல் அவள் தனியாகப் பதில் எழுதட்டும்.

7. 'மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்க முடியாதே' என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பாலூட்டும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

8. தூக்கமே இல்லாமல் படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, காதில் குரல் கேட்பது, வீட்டார் மேல் வீண் சந்தேகம்... இதெல்லாம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் தீவிரமான நோய். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போகாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்று அவள் சொன்னாலும் அப்படியே. தனியே விடாதீர்கள்.

9. மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அவள் செல்போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.

10. 45-ம் நாள் தடுப்பூசிக்குக் குழந்தையை எப்படியும் தூக்கிக்கொண்டு போவீர்கள். அன்றைக்கு அம்மாவின் தூக்கம், சாப்பாடு, மனசு பற்றியும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.